ரோனாவும் ரஜூலாவும்: மெட்ராஸில் இருந்து போருக்குப் போன பயணிகள் கப்பல்கள்

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: "சண்டை வந்தால் பயணிகள் கப்பலையும் சரக்குக் கப்பலையும் அரசாங்கம் எடுத்துக் கடற்படை வேலையில் சேர்த்துவிடும் என்கிறார்கள். போர்க்கப்பலாகக் கட்டப்படாத நீராவிக் கப்பலால் போரில் என்ன பிரயோசனம்? நம் மெட்ராஸில் இருந்து ஓடிய கப்பல் ஏதாவது அப்படிப் போனதா?"

போனது. ஒன்று இரண்டு இல்லை. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களை ஏற்றி இறக்கிய கப்பல் ஒன்று, மத்தியதரைக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. அதைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் மிகக் குறைவு. எம்டன் வந்து குண்டு போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். உயர் நீதிமன்ற மதிலோரம் அதற்குக் கல்வெட்டும் இருக்கிறது. நம் கரையில் இருந்து போருக்குப் போன கப்பல்களின் கதையும் அதே அளவு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்வியின் முதல் பாதி. ஒரு கப்பல் சமாதான காலத்தில் எந்த வேலையில் கெட்டியோ, அதே வேலைதான் போரிலும் அதற்குக் கைகொடுத்தது. ஆழமில்லாத ஆற்றில் போகிற படகு போரிலும் ஆற்றில் போனது. ஆட்களை ஏற்றிய கப்பல் சிப்பாய்களை ஏற்றியது. பீரங்கியைப் பூட்டிப் போர்க்கப்பல் வேஷம் கட்டியபோது பெரும்பாலும் அடிதான் வாங்கியது. இதற்கான முதல் சாட்சியே நம் பக்கத்துக் கடலில் இருந்து வருகிறது.

1824ல் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மா மீது படையெடுத்தது. ரங்கூனுக்குப் போன படையில் பெரும் பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள். வங்காளச் சிப்பாய்களில் பலருக்குக் கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற தயக்கம் இருந்ததும் இதற்கு ஒரு காரணம். அப்போது மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. சிப்பாய்கள் மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டி, நங்கூரம் போட்டு நின்ற பாய்க்கப்பல்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆள், அரிசி, மாடு என்று எல்லாவற்றையும் இங்கிருந்து அனுப்பியவர் கவர்னர் தாமஸ் மன்றோ. தீவுத்திடலுக்கு அருகே குதிரை மேல் இருக்கிறாரே, அவர்தான். மே 11ஆம் தேதி ரங்கூன் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். மழைக்காலம். ஐராவதியில் வெள்ளம் எதிர்த்து ஓடுகிறது, காற்று எப்போது வரும் என்று தெரியாது. பாய்க்கப்பல் ஆற்றில் ஏற முடியாமல் நின்றது. பர்மியரின் போர்ப்படகுகளோ நீளமானவை. ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். வந்து தாக்கிவிட்டு, பாய்க்கப்பல் திரும்புவதற்குள் வளைவில் மறைந்துவிடும்.

டயானா என்ற சின்ன நீராவிப் படகு இங்கே நுழைகிறது. கல்கத்தாவில் கிதர்பூரில் 1823ல் கட்டியது. முதலில் சீனத்துக் காண்டன் துறைமுகத்துக்கென்று கொண்டுவந்த இயந்திரத்தை வைத்து, ஹூக்ளி ஆற்றில் ஓட்டுவதற்காகச் செய்த படகு அது. 32 குதிரைத்திறன், இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். ஃபிரெடரிக் மாரியட் என்ற கடற்படை அதிகாரி வற்புறுத்தியதால் அரசாங்கம் அதை வாங்கிப் போருக்கு அனுப்பியது. சில சின்னத் துப்பாக்கிகளும் காங்கிரீவ் ராக்கெட்டுகளும் ஏற்றினார்கள். ஆனால் வேலை செய்தது அதன் இயந்திரம்தான். பர்மியப் படகைத் துரத்தும்போது டயானா வேகமாகப் போக வேண்டிய அவசியமே இல்லை, நிற்காமல் போனால் போதும். துடுப்புப் போடுகிறவனுக்குக் கை ஓயும். பாய்லருக்கு விறகோ கரியோ இருக்கிறவரை ஓயாது. கடைசியில் ஆட்கள் களைத்துத் துடுப்பைப் போட்டுவிடுவார்கள், டயானா பக்கத்தில் வந்து நிற்கும். மீதி நேரமெல்லாம் பாய்க்கப்பல்களைக் கயிறு கட்டி ஆற்றில் மேலே இழுத்துப் போனது. ஆங்கிலேயர் போரில் இறக்கிய முதல் நீராவிப் படகு இது என்பதுதான் வரலாற்றில் அதற்கு உள்ள இடம். அந்தப் போரில் சண்டையில் செத்த சிப்பாய்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டயானாவால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அறுபது ஆண்டு கழித்து, 1885 நவம்பரில், அதே ஐராவதியில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி என்று ஸ்காட்லாந்துக்காரர்களின் கம்பெனி. அரிசியும் தேக்கும் பயணிகளும் ஏற்றி ஓடிய அதன் ஆற்றுக் கப்பல்களை மொத்தமாக அரசாங்கம் வாடகைக்கு எடுத்தது. ஒவ்வொரு கப்பலின் இரண்டு பக்கமும் தட்டையான பார்ஜ்களைக் கட்டி, அதில் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். இது அந்தக் கம்பெனி நெல் மூட்டைக்கு தினமும் செய்த ஏற்பாடுதான். ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களும் பார்ஜ்களும், ஒன்பதாயிரத்துச் சொச்சம் படைவீரர்கள். தலைமை தாங்கிய ஹாரி பிரெண்டர்காஸ்ட் மெட்ராஸில் பிறந்தவர், மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் அதிகாரி. பதினைந்து நாளுக்குள் மாண்டலே விழுந்தது. மன்னர் தீபா தன் அரண்மனையில் இருந்து இறங்கி ஏறியதும் அதே கம்பெனியின் தூரியா என்ற பயணிகள் கப்பலில்தான். ரங்கூனில் வேறு கப்பலுக்கு மாற்றி நேரே மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். சில மாதம் இங்கே வைத்திருந்து, 1886ல் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். பர்மாவின் கடைசி அரசர் சிறைப்பட்டு முதலில் இறங்கிய கரை நம் மெட்ராஸ் என்பது பலருக்குத் தெரியாது.

சரி, ஏன் அரசாங்கங்கள் இப்படிச் செய்கின்றன? போர்க்கப்பல் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும், போரோ அடுத்த வாரம். கப்பல் கம்பெனியிடம் கப்பலும் தயார், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் தயார். சில நாடுகள் இதை முன்கூட்டியே யோசித்துப் பணமும் கொடுத்து வைத்தன. லூசிடேனியாவும் மொரிட்டேனியாவும் கட்டுவதற்குப் பிரிட்டிஷ் அரசு 26 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தபோது, தேவைப்பட்டால் பீரங்கி பூட்டும்படி தளத்தைப் பலமாகக் கட்ட வேண்டும் என்பதும் பேச்சு.

ஆற்றுப் படகுகளை மிக அதிகமாகப் போருக்கு மாற்றியது அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861ல் வட மாநிலங்கள் சின்சினாட்டியில் மூன்று சாதாரணப் பயணிகள் படகுகளை வாங்கி, ஐந்து அங்குலக் கருவாலிப் பலகையைச் சுற்றி அடித்துப் பீரங்கி வைத்தன. தெற்கே இரும்பு குறைவு, பஞ்சு நிறைய. அங்கே தளத்தைச் சுற்றிப் பஞ்சுப் பொதிகளை அடுக்கினார்கள். அழுத்திக் கட்டிய பொதி துப்பாக்கிக் குண்டை நன்றாகவே தாங்கும், பீரங்கிக் குண்டைத் தாங்காது. அப்படிப் பொதி கட்டிய இரண்டு படகுகள் 1863 புத்தாண்டு அன்று கால்வெஸ்டனில் வட தரப்பின் போர்க்கப்பலையே இடித்து ஏறிப் பிடித்தன. நியூயார்க்கில் அக்கரை இக்கரை ஓடிய தோணிக் கப்பல்களும் போருக்குப் போயின. நம் பீச்–தாம்பரம் மின்சார ரயிலுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதுபோல, அந்தக் கப்பல்கள் திரும்பாமலே முன்னும் பின்னும் போகும். குறுகிய ஆற்றில், கரையில் இருந்து சுடும்போது, திரும்ப இடமில்லாத இடத்தில் அந்த ஒரு குணத்துக்கு விலையே கிடையாது.

இந்தப் போரில் எனக்கு மிகப் பிடித்த படகு பிளாண்டர். பஞ்சு ஏற்றுவதற்குக் கட்டியது, நான்கடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும். தெற்குப் படை அதை எடுத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பீரங்கியும் வெடிமருந்தும் ஏற்றப் பயன்படுத்தியது. சுக்கான் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ், அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13ஆம் தேதி விடிவதற்கு முன், வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்கப் போன நேரத்தில், ஸ்மால்ஸும் கூட இருந்த அடிமைத் தொழிலாளர்களும் பாய்லரில் தீ மூட்டினார்கள். வழியில் ஒரு துறையில் காத்திருந்த மனைவி, குழந்தைகளை ஏற்றிக்கொண்டார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்கிற மாதிரியே நின்று, ஒவ்வொரு கோட்டையையும் தாண்டும்போது சரியான ஊதல் சைகையைக் கொடுத்தார் ஸ்மால்ஸ். சம்டர் கோட்டையும் தாண்டியது. பீரங்கி எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கி, வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, வட தரப்பின் முற்றுகைக் கப்பலிடம் படகை ஒப்படைத்தார். பின்னாளில் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தார். படகைப் போருக்கு எடுத்தவர்கள், அதை ஓட்டுகிற ஆளையும் சேர்த்து எடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தார்கள்.

பீரங்கி பூட்டிய பெரிய பயணிகள் கப்பல்களுக்கு வருவோம். இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அரசாங்கங்கள் இந்த வேலையை இவ்வளவு செய்திருக்கக் கூடாது. லைனர் எனப்படும் இந்தப் பெரிய பயணிகள் கப்பலை மாற்றுவது எப்படி என்று பாருங்கள். மர வேலைப்பாடுகளையும் பஞ்சணைகளையும் பிடுங்கி எறிவார்கள், தீப்பிடிக்கும் என்பதால். தளத்துக்குக் கீழே இரும்புத் தூண் கொடுத்து, மேலே ஆறங்குலப் பீரங்கிகளைப் பூட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரில்கூட அவற்றில் பல முதல் உலகப் போருக்கும் முந்தைய பழசு. சரக்கறை முழுக்கக் காலிப் பீப்பாய்களை அடைப்பார்கள், ஓட்டை விழுந்தாலும் சீக்கிரம் மூழ்காமல் இருக்க. வெளியே சாம்பல் வண்ணம். அப்புறமும் அது மாடிக்கட்டடம் போல உயர்ந்து நிற்கிற, கவசத் தகடு இல்லாத கப்பல்தான். எதிரிக்குக் குறி தப்பவே தப்பாது.

லைனருக்கு லைனர் மோதினால் ஏதோ சமம். 1914 செப்டம்பர் 14ஆம் தேதி தென் அட்லாண்டிக்கில் டிரினிடாடே தீவருகே பிரிட்டனின் கார்மேனியாவும் ஜெர்மனியின் காப் டிராஃபால்கரும் சண்டை போட்டன. ஜெர்மன் கப்பல் ஒரு புகைபோக்கியை எடுத்துவிட்டுக் கார்மேனியா மாதிரியே வேஷம் போட்டிருந்தது. போய் மாட்டியதோ நிஜக் கார்மேனியாவிடமே. கார்மேனியாவில் 79 குண்டு பட்டது, காப் டிராஃபால்கர் மூழ்கியது.

நிஜப் போர்க்கப்பல் எதிரே வந்தால் கதை வேறு. பி அண்ட் ஓ கம்பெனியின் ராவல்பிண்டி 1939 நவம்பர் 23 அன்று ஐஸ்லாந்துப் பக்கம் இரண்டு பெரிய ஜெர்மன் போர்க்கப்பல்களிடம் மாட்டியது. 238 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி ஜெர்விஸ் பே, முப்பத்தேழு கப்பல்கள் கொண்ட அணிக்கு ஒற்றைக் காவல். எதிரே வந்தது அட்மிரல் ஷேர் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். கேப்டன் ஃபெகன் கப்பலை நேரே எதிரி பக்கம் திருப்பினார். ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அது மூழ்குவதற்குள் அணி சிதறி ஓடியது, பெரும்பாலான கப்பல்கள் தப்பின. அந்த மனிதர்களின் தைரியத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவர்களை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது சரியா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. லைனரின் நல்ல குணம் அதன் வயிறு. ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துக் கடல் தாண்டும். அதைப் பீரங்கி மேடையாக்கினால் அந்தக் குணம் வீண்.

இந்து மகாசமுத்திரத்திலும் ஒரு சம்பவம். 1942 நவம்பர் 11ஆம் தேதி, பெங்கால் என்ற ராயல் இந்தியக் கடற்படையின் சின்னக் கண்ணிவாரிக் கப்பல் (கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரி அகற்றுவது) ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போனபோது, பீரங்கி பூட்டிய இரண்டு ஜப்பானியப் பயணிகள் கப்பல்கள் குறுக்கே வந்தன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். பெங்காலுக்கும் ஒண்டினாவுக்கும் ஆளுக்கு ஒரு பீரங்கி. அதில் ஒன்றின் குண்டு ஹோக்கோக்கு மாரு என்ற கப்பலில் வெடிபொருள் இருந்த இடத்தில் பட்டு, கப்பலே வெடித்து மூழ்கியது. கவசம் இல்லாத கப்பலில் வெடிமருந்தை ஏற்றினால் இதுதான் நடக்கும்.

நம் எம்டனையும் இங்கே கொண்டுவர வேண்டும், வேறு கோணத்தில். அது நிஜப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஆனால் அது இரண்டு மாதம் இந்தக் கடலில் உலவ முடிந்தது எதனால்? கரியைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்த மார்க்கோமானியா என்ற ஜெர்மன் வணிகக் கப்பலால். அது இல்லாவிட்டால் எம்டன் சீக்கிரமே கடல் நடுவே நின்றிருக்கும். அப்புறம் எம்டன் பிடித்த பிரிட்டிஷ் கரிக்கப்பல் புரெஸ்க்கும் அதே வேலைக்கு வந்தது. வங்கக் கடலில் அது முதலில் மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்றான இண்டஸ், கல்கத்தாவில் இருந்து பம்பாய்க்குப் படையேற்றப் போய்க்கொண்டிருந்த வணிகக் கப்பல். உள்ளே குதிரைகளுக்கு லாயமெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். ஆக, அந்தக் கதையில் இரண்டு பக்கமும் போருக்கு எடுத்த வணிகக் கப்பல்கள் இருக்கின்றன, நமக்கு நினைவிருப்பது பீரங்கி வைத்த ஒன்றுதான்.

அதே 1914ல் மெட்ராஸ் தன் பெயரிலேயே ஒரு கப்பலைப் போருக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் டாண்டா என்ற புதுக் கப்பல். சுருக்கமாக பி.ஐ. என்பார்கள், வ.உ.சி. தூத்துக்குடியில் எதிர்த்து நின்ற அதே கம்பெனி. மெட்ராஸ் போர் நிதி என்று மாகாணம் முழுக்கத் திரட்டிய பணத்தில் டாண்டாவை மருத்துவமனைக் கப்பலாக மாற்றி, "மெட்ராஸ்" என்று பெயர் சூட்டினார்கள். கவர்னர் பெண்ட்லண்ட் காலம். இன்றைய ஈராக்கில் உள்ள பாஸ்ரா பக்கம் இருந்து காயம்பட்ட, நோயுற்ற சிப்பாய்களைப் பம்பாய்க்கு ஏற்றி வந்தது. போருக்குப் பிறகு டாண்டா என்ற பழைய பெயரோடே தொழிலுக்குத் திரும்பியது. அடுத்த உலகப் போரில் 1944 ஜூலையில் மங்களூருக்கு வடமேற்கே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை மூழ்கடித்தது.

பாஸ்ரா என்றதும் டைகிரிஸ் ஆற்றைச் சொல்லாமல் விட முடியாது. மெசபடோமியா என்று அப்போது அழைத்த அந்த நாட்டில் சாலை கிடையாது, ஆறுதான் எல்லாம். வெள்ளைக்காரர்களின் லிஞ்ச் கம்பெனி ஓட்டிய ஆற்றுக் கப்பல்களை எடுத்தார்கள், போதவில்லை. ஐராவதியில் இருந்தும் இந்திய ஆறுகளில் இருந்தும் துடுப்புச் சக்கரக் கப்பல்களை அரபிக் கடல் வழியாக அனுப்பினார்கள். ஆற்றுக்கென்று கட்டிய தட்டைக் கப்பல் கடல் அலையைத் தாங்காது. வழியிலேயே மூழ்கியவை பல. 1916 ஏப்ரலில் கூட் நகரில் இந்தியப் படை பட்டினியில் முற்றுகையில் கிடந்தபோது, ஜூல்நார் என்ற லிஞ்ச் கம்பெனிக் கப்பலில் 270 டன் உணவை ஏற்றி, இரவில் துருக்கியரின் முற்றுகை வரிசை வழியாகவே அனுப்பிப் பார்த்தார்கள். ஃபிர்மன் என்ற கடற்படை அதிகாரி தலைமை, வழி காட்டியவர் அதே கம்பெனியில் வேலை பார்த்த கௌலி. ஆற்றின் குறுக்கே துருக்கியர் இழுத்துக் கட்டியிருந்த இரும்பு வடத்தில் கப்பல் மாட்டியது. ஃபிர்மன் அங்கேயே இறந்தார், கௌலி பிடிபட்ட பிறகு உயிரோடு திரும்பவில்லை. ஐந்தே நாளில் கூட் சரணடைந்தது. அந்தச் சிறையிருப்பில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில்.

கௌலி போன்றவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. 1907 ஹேக் உடன்படிக்கைப்படி வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றலாம். அரசாங்கத்தின் நேரடி அதிகாரம், வெளிப்படையான அடையாளம், நியமனம் பெற்ற அதிகாரி, ராணுவ ஒழுங்கு எல்லாம் இருக்க வேண்டும். இது இல்லாத ஆள் சண்டையில் கை வைத்தால் அவனைப் போர்வீரன் என்றும் ஏற்க மாட்டார்கள், பொதுமகன் என்றும் விட மாட்டார்கள். சார்லஸ் ஃப்ரையட் என்ற ரயில்வே கம்பெனிக் கப்பலின் கேப்டன், 1915ல் தன்னை வழிமறித்த நீர்மூழ்கிக் கப்பல் மேல் கப்பலை நேரே ஓட்டித் தப்பினார். அடுத்த ஆண்டு பிடிபட்டபோது, சீருடை இல்லாமல் போர் செய்தான் என்று ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கண்ணிவாரி வேலையைப் பற்றிச் சுருக்கமாக. கடலில் போட்ட கண்ணிவெடி தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே மிதக்கும். தண்ணீரில் குறைவாக அமிழ்கிற கப்பல் அதன் மேலேயே போய்விடலாம். இங்கிலாந்தில் விடுமுறைக்கு ஆட்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போன துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இதற்குப் பொருந்தின. அவ்வளவு பொருந்தியதால், முதல் உலகப் போரில் கடற்படையே அந்த மாதிரியைப் பார்த்துத் துடுப்புச் சக்கரக் கண்ணிவாரிகளைப் புதிதாகக் கட்டிக்கொண்டது. 1940ல் டன்கர்க்கில் சிக்கிய படையை மீட்கவும் இவை போயின. மெட்வே குவீன் ஏழு தடவை போய் ஏழாயிரம் பேரை ஏற்றி வந்ததாகச் சொல்வார்கள். கிரெஸ்டட் ஈகிள் மே 29 அன்று குண்டுபட்டு எரிந்தது, ஏறியிருந்தவர்களில் சுமார் முந்நூறு பேர் இறந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி.

1926ல் பி.ஐ. கம்பெனி மெட்ராஸ்–சிங்கப்பூர் தடத்துக்கென்று இரண்டு கப்பல்களைக் கட்டியது. ஒன்று ரஜூலா, கிளாஸ்கோவில். இன்னொன்று ரோனா, டைன் ஆற்றங்கரையில் ஹெப்பர்னில். இரண்டும் எட்டாயிரத்து ஐந்நூறு டன் சுமாருக்கு. கேபினில் போகிறவர்கள் கொஞ்சம் பேர். மீதியெல்லாம் டெக் பயணிகள், பாயும் தகரப்பெட்டியும் பாத்திரமுமாகத் தளத்திலேயே படுத்துப் போகிறவர்கள். மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள், பினாங்கில் கடை வைத்த மரைக்காயர்கள், செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளைகள். ரஜூலா என்ற பெயர் தமிழ்நாட்டில் பாதி கிராமங்களுக்குத் தெரிந்திருந்தது.

போர் வந்ததும் இரண்டையும் படைக்கப்பல் ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான டெக் பயணிகளுக்கென்று கட்டிய கப்பலில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை ஏற்றப் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. அதுதான் அவற்றின் பலம், அதுவே ஆபத்தும்.

1943 நவம்பர் 26. ரோனா அல்ஜீரியக் கரையோரம் கப்பல் அணியோடு சூயஸ் நோக்கிப் போகிறது. உள்ளே சுமார் இரண்டாயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்கள் வர வேண்டியது இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் உள்ள போர்முனைக்கு. மாலையில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, சிறகு வைத்து ரேடியோவால் இயக்குகிற புதுவகைக் குண்டை விட்டது. விமானத்தில் இருக்கிறவன் பார்த்துக்கொண்டே கப்பலை நோக்கித் திருப்பலாம். அது ரோனாவின் பக்கவாட்டில் புகுந்து உள்ளே வெடித்தது. இயந்திர அறையும் மின்சாரமும் போயிற்று. உயிர்ப்படகுகளில் பாதி நொறுங்கின, மீதியில் பலவற்றை இறக்க முடியவில்லை. கடல் கொந்தளிப்பு, இருட்டு, குளிர். பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் தண்ணீரில் இருந்து தூக்கியது. இறந்த அமெரிக்கர்கள் 1,015 பேர். எதிரி தாக்கிக் கடலில் ஒரே இடத்தில் அமெரிக்கப் படை இவ்வளவு பேரை இழந்தது வேறெங்கும் இல்லை. புதுவகைக் குண்டு இவ்வளவு வேலை செய்தது வெளியே தெரியக் கூடாது என்று செய்தியை அமுக்கினார்கள். எப்படி இறந்தான் என்று பல குடும்பங்களுக்குப் பல ஆண்டு தெரியாமலே போனது.

அமெரிக்காவில் இப்போது ரோனாவுக்கு நினைவுக்கூட்டம் நடக்கிறது, உயிர் தப்பியவர்களின் பிள்ளைகள் கூடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தக் கப்பலின் சிப்பந்திகள் 195 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள். பெரும்பாலும் இந்தியர்கள். பி.ஐ. கப்பல்களில் தளத்தில் வேலை செய்தவர், இயந்திர அறையில் வேலை செய்தவர், சமையலறையில் நின்றவர் எல்லாம் சிட்டகாங், சில்ஹெட், ரத்னகிரி, கோவா ஆட்கள். சாரங்கு எனப்பட்ட மாலுமித் தலைவர் ஒருவர் ஊரில் இருந்து கும்பலாகக் கூட்டி வருவார். கப்பலைப் போருக்கு எடுத்தபோது இவர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். டார்பிடோவோ குண்டோ பட்டால் முதலில் போகிறது நீர்மட்டத்துக்குக் கீழே இயந்திர அறையில் இருப்பவன். சம்பளமோ பிரிட்டிஷ் மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்கு. 1939ல் போர் தொடங்கியதுமே லஸ்கர்கள் எனப்பட்ட இந்த இந்தியக் கப்பல் தொழிலாளர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலரைச் சிறையில் போட்டார்கள், அப்புறம் சம்பளத்தை உயர்த்த வேண்டிவந்தது. வீரக்கதை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சண்டைக்குப் போகாமலே நிறைய உயிரைக் காத்த பி.ஐ. கப்பலும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் அதன் துணைக்கப்பலையும் மூழ்கடித்தன. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல், பழைய பி.ஐ. பயணிகள் கப்பல், தண்ணீரில் தத்தளித்த சுமார் அறுநூறு பேரை ஏற்றிக் கொழும்பில் இறக்கியது. விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்து மெட்ராஸ் ஊரே காலியாகிக்கொண்டிருந்த அதே வாரம் இது.

ரஜூலா தப்பித்தது. போர் முடிந்ததும் சாம்பல் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி மெட்ராஸ்–நாகப்பட்டினம்–பினாங்கு–சிங்கப்பூர் ஓடத் தொடங்கியது. 1973ல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா அதை வாங்கி ரங்கட் என்று பெயர் மாற்றியது, அடுத்த ஆண்டு உடைக்கப் போனது.

உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் கப்பலில் வேலை பார்த்து, போரில் காணாமல் போயிருந்தால் தேட வழி இருக்கிறது. பிரிட்டிஷ் வணிகக் கடற்படைக்கு லண்டன் டவர் ஹில்லில் உள்ள நினைவுச் சின்னத்தில் இந்தியத் தொழிலாளர்களைத் தேடினால் கிடைக்காது. அவர்களில் ஏறக்குறைய 6000 பேரின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் போர் நினைவேடுகளில் இருக்கின்றன. ஒரு பிரதி மும்பை இந்தியக் கப்பல் தொழிலாளர் இல்லத்தில், இன்னொன்று சிட்டகாங் போர் மயானத்தில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். பெயரை அந்தக் கால எழுத்தர் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார் என்பதால், ஆளின் பெயரைவிடக் கப்பலின் பெயரை வைத்துத் தேடுங்கள், அப்பா பெயரும் ஊரும் அதில் பெரும்பாலும் இருக்கும்.